ஆயிரத்து ஐந்நூற்றொன்று, கூட்டல் குறி

யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஏழிலும், மனிதரை முதலாவது, இரண்டாவது என்று நிரைப்படுத்திப் பார்க்காத ஒரே மனிதன் நான்தான். இதை அடக்கமில்லாமல் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது. வேறு எவராவது இருந்திருந்தால் அவருடைய பெயரையும் சேர்த்தே சொல்லியிருப்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை எதிரே வந்தால், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று முதலில் கேட்பார்கள். பதிலைப் பொறுத்துத்தான் பெயரைக் கேட்பதா விடுவதா என்று தீர்மானிப்பார்கள். கல்யாணப் பேச்சில் சாதகத்துக்கு முன்னால் உயர்தரச் சோதனையில் எடுத்த மாவட்ட நிலை வரும். செத்தவீட்டில் பிரேதத்தை எடுப்பதற்கு முன், செத்தவருடைய பேரன் புலமைப்பரிசில் சோதனையில் எத்தனை புள்ளி என்று பந்தலுக்குள் ஒரு குரல் கேட்கும். நான் கேட்டதில்லை. இருபத்தேழு வயதுவரை ஒருமுறையும் கேட்டதில்லை.

ஏழுதீவுப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் துறையின் தற்காலிக உதவி விரிவுரையாளனாக இருந்துகொண்டு இந்த விரதத்தைக் காப்பாற்றுவது எளிதல்ல. வேலணையில், சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில், பனைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். மாணவர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். படிப்பிக்கிறவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஒரு புதன்கிழமை, உலக உயர்கல்வி அளவீட்டு மன்றம் என்ற ஒன்று எங்களைத் தரப்படுத்தி விட்டதாக அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அந்த மன்றம் எந்த நாட்டில் இருக்கிறது என்று பதிவாளரைக் கேட்டேன். இணையத்தில் இருக்கிறது என்றார்.

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தகப்பன்மாருக்கு இரத்தம் கொதிக்கும். எழுபதுகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வெட்டுப்புள்ளி வைத்த அரசாங்க முறைக்கு அதுதான் பெயர்; அது அவர்களில் பாதிப்பேரைப் பல்கலைக்கழக வாசலிலேயே நிறுத்தியது. அதைப் பதிவாளருக்கு நினைவூட்டினேன்.

"அது வேறை, ஐசே. அது எங்களைக் கேளாமல் செய்தது. இது நாங்களே விண்ணப்பம் போட்டு எடுத்தது," என்றார்.

மறுநாள் துணைவேந்தர் பேராசிரியர் சிவகுரு எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்து உரையாற்றினார்.

"நண்பர்களே! உலகத் தரவரிசையில் நாங்கள் ஆயிரத்து ஐந்நூற்றொன்று, கூட்டல் குறி. இந்தக் கூட்டல் குறியைக் கவனியுங்கள். முதலாம் இடத்துப் பல்கலைக்கழகத்துக்கு இது இல்லை. அது ஒன்று. ஒன்றோடு நின்றுவிட்டது. அதற்கு இனிப் போக இடமில்லை. எங்களுக்கோ எல்லையே இல்லை!"

கைதட்டினார்கள். பின்னேரம் வாசலில் பதாகை ஏறியது: உலகின் தலைசிறந்த 1501+ பல்கலைக்கழகங்களுள் ஒன்று.

பதாகையைக் கட்ட ஏணி பிடித்தவர் அமலதாஸ் அண்ணை. பல்கலைக்கழகப் படகின் ஓட்டி. ஊர்காவற்றுறைக்காரர், மூன்று தலைமுறையாகக் கடலில் நிற்கிற குடும்பம். ஒவ்வொரு நாளும் விடிய நெடுந்தீவிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானில் இறக்குவார். அங்கிருந்து எங்கள் பஸ் கொண்டுவரும். பொதுப்படகு இருக்கிறது, ஆனால் அது தன்னுடைய நேரத்துக்கு வந்து தன்னுடைய நேரத்துக்குப் போகும். காலை எட்டு மணி விரிவுரை அந்த நேரத்துக்குள் அடங்காது. அமலதாஸ் அண்ணையின் படகு இல்லையென்றால் நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் இல்லை.

"தம்பி, உதுக்குப் படிவம் நிரப்பின பல்கலைக்கழகம் மொத்தம் எத்தினை?" என்று ஏணியைப் பிடித்தபடி கேட்டார்.

"ஆயிரத்தைஞ்ஞூற்றி ஐம்பத்திரண்டு."

"அப்ப நாங்கள் கடைசிதானே?"

"இல்லை அண்ணை. கடைசி எண்டால் ஒருத்தர். இது ஐம்பத்திரண்டு பேருக்குப் பொதுவான இடம்."

அவர், "கடைசி வாங்கிலை கூடப்பேர் இருக்கினம் எண்டு சொல்லும்," என்றார்.

மனிதரையும் படிப்பையும் நிரைப்படுத்துகிற வேலை மீன்சந்தைக்குத்தான் பொருந்தும் என்று நான் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பக்கத்தில் இரண்டு பீடாதிபதிகள் நின்றார்கள்.

"சந்தையிலையும் மீனைத்தான் தம்பி நிரைப்படுத்திறது," என்றார் அமலதாஸ் அண்ணை.

*

அடுத்த கிழமை ஆலோசகர் வந்தார். பெயர் ஆரூரன். புங்குடுதீவில் பிறந்து, ஒன்பது வயதில் ரொறன்ரோ போய், அங்கே பல்கலைக்கழகங்களை மேலே ஏற்றுகிற தொழில் பழகியவர். அவருடைய தமிழ் அந்த ஒன்பது வயதிலேயே நின்றிருந்தது. அதனால் அவர் எதைச் சொன்னாலும் ஒரு சின்னப்பிள்ளை உண்மை சொல்வதுபோலவே இருக்கும்.

"படிப்பிக்கிறதுக்குப் புள்ளி இல்லை," என்றார் முதற்கூட்டத்தில். "படிப்பிக்கிற ஆக்கள் எண்டு எழுதிறதுக்குத்தான் புள்ளி. உங்களிட்டை ஆக்கள் காணாது."

"மொத்தம் தொண்ணூற்றேழு பேர் சம்பளம் எடுக்கினமே," என்றார் பதிவாளர்.

"அப்ப தொண்ணூற்றேழு பேரும் படிப்பிக்கினம் எண்டு எழுதுங்கோ."

அன்று பின்னேரமே கடிதங்கள் அடிக்கப்பட்டன. கன்ரீன் ஞானசவுந்தரி அக்கா உணவு விஞ்ஞானத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர் ஆனார். இரவுக் காவலாளி அப்புத்துரை அண்ணைக்குத் தத்துவம் கிடைத்தது. அவர் தனியே இருந்து யோசிக்கிறவர் என்று காரணம் எழுதப்பட்டிருந்தது. அமலதாஸ் அண்ணை கடற்பயணச் செயன்முறைப் பேராசிரியர்.

அவர் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, உதிலை எஞ்சின் எண்ணெய் தருவினம் எண்டு எங்கை போட்டிருக்கு? ரெண்டு கிழமையாக் கேக்கிறன்."

"இது எண்ணெய்க் கடிதம் இல்லை அண்ணை. நீங்கள் பேராசிரியர்."

"ஆர் சொன்னது?"

"துணைவேந்தர்."

"அவருக்கு என்ன செய்யுது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

பேராசிரியர் என்றால் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். அவருக்காக எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடல்பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். "வாடை அடிச்சால் கரையைப் பிடிச்சு ஓடு. சோழகக் காத்து இரைஞ்சால் வெளிக்கிடாதே," என்றார். இன்னும் ஏதாவது என்று கேட்டேன். "அவ்வளவுதான். மிச்சம் பயம்," என்றார். அதை ஒன்பது பக்கமாக்கினேன். வரைபுகள் நான்கு சேர்த்தேன்.

ஆரூரன் வாசித்துவிட்டு, "வெளிநாட்டுக்காரர் சேர்ந்து எழுதினால்தான் புள்ளி. எட்டு நாடு வேணும்," என்றார்.

"எட்டு நாட்டிலையும் இவருக்கு ஆக்கள் இருக்கினம்," என்றேன் பகிடியாக. அதுதான் நான் செய்த பிழை. பதிவாளர் உடனே எழுந்தார். அமலதாஸ் அண்ணையின் தகப்பனார் போன வருடம் காலமானவர். அந்த மரண அறிவித்தல் இன்னும் கன்ரீன் சுவரில் இருந்தது. எங்கள் தீவுகளில் ஒரு மனிதர் எத்தனை நாட்டில் வாழ்ந்தார் என்று அவர் செத்த பிறகுதான் தெரியவரும்: மகன் ஒஸ்லோ, மகள் பாரிஸ், மருமகன் சூரிச், பெறாமக்கள் லண்டன், மெல்பேர்ண், ஸ்காபரோ என்று நீளும். பதிவாளர் அந்த அறிவித்தலைக் கழற்றி அப்படியே தட்டச்சுக்குக் கொடுத்தார். ஆசிரியர் இருபத்துமூன்று பேர், நாடு எட்டு. அவசரத்தில் கடைசி வரியை நீக்க மறந்துவிட்டார்கள்: இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பத்து நாளில் சஞ்சிகையின் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தங்கள் குடும்பத்துக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்; இத்தகைய வேளையில் திருத்தங்கள் கோருவது முறையல்ல; ஆதலால் கட்டுரையை உள்ளபடியே ஏற்றுக்கொள்கிறோம்.

துணைவேந்தர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்.

*

அதற்குப் பிறகு வந்தது நற்பெயர்க் கணிப்பு. உலகம் முழுவதும் உள்ள படித்தவர்களிடம், உங்கள் கருத்தில் மிகச் சிறந்த கல்வி நிறுவனம் எது என்று மன்றம் கேட்கும். அவர்கள் ஒரு பெயரை எழுதவேண்டும். மொத்தப் புள்ளியில் மூன்றில் ஒன்று இதற்கு.

"ஆர் ஆர் அந்தப் படிச்சவை?" என்று துணைவேந்தர் கேட்டார்.

"ஆர் படிவம் நிரப்பினமோ அவை," என்றார் ஆரூரன்.

துணைவேந்தருடைய முகம் மலர்ந்தது. தீவுகளிலிருந்து போனவர்களின் பழைய மாணவர் சங்கங்கள் இல்லாத பெரிய நகரம் உலகத்தில் இல்லை. எல்லாச் சங்கத்துக்கும் படிவம் போயிற்று. ஊரின் கல்விக்காக இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள் என்று துணைவேந்தர் காணொளியில் கைகூப்பினார். அவர்கள் ஒதுக்கினார்கள். ஆயிரத்து நூறு பேர் நிரப்பினார்கள்.

எங்களுக்கு நான்கு வாக்குக் கிடைத்தது. துணைவேந்தர், அவருடைய மனைவி, பதிவாளர். நான்காவது யார் என்பது இன்றுவரை தெரியாது. மற்றவர்கள் எல்லோரும், மிகச் சிறந்த கல்வி நிறுவனம் எது என்ற கேள்விக்குத் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். பழைய மாணவர் சங்கத்துக்குக் கேள்வியை அனுப்பினால் வேறு எதை எழுதுவார்கள்? நாரந்தனைப் பக்கத்தில் முப்பத்தேழு பிள்ளைகள் படிக்கிற ஓர் ஆரம்பப் பாடசாலையின் பாரிஸ் சங்கமும் லண்டன் சங்கமும் நெடுநாளாக ஒன்றுக்கொன்று முகம் கொடுப்பதில்லை. யார் கூடுதலாக வாக்குச் சேர்ப்பது என்று இரண்டும் போட்டியில் இறங்கி, அறுநூற்று நாற்பது வாக்கில் வந்து நின்றன.

அடுத்த பட்டியலில் அந்தப் பாடசாலை எண்ணூற்றொன்றுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் இருந்தது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

துணைவேந்தர் ஒரு நாள் முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் காலை, புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றை அச்சிட்டுக்கொண்டு நாரந்தனைக்கு வெளிக்கிட்டார். ஆரூரனும் நானும் போனோம். அதிபர் ஜெயந்தா ரீச்சர் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் ஒரே வகுப்பில் ஒரே நேரத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பிள்ளைகளின் கதிரைகளில் இருக்கச் சொன்னார். துணைவேந்தருடைய முழங்கால் நாடிவரை வந்தது.

"ரீச்சர், உலக அரங்கில் நீங்கள் எங்களுக்கு முன்னுக்கு நிக்கிறியள்," என்றார் துணைவேந்தர். "இரண்டு நிறுவனமும் சேர்ந்து ஒரு பட்டம் குடுத்தால் என்ன?"

"சேர், மூண்டாம் ஆண்டுக்கு ரீச்சர் இல்லை. போன மாசியிலையிருந்து இல்லை. உங்களிட்டைத் தொண்ணூற்றேழு பேர் இருக்கினமாம். ஒராளை விட ஏலுமே?"

துணைவேந்தர் திடுக்கிட்டார். "அது எப்பிடி ரீச்சர்? எங்கடை ஆசிரியர் மாணவர் விகிதம் குறைஞ்சிடுமே!"

ஜெயந்தா ரீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ," என்றார். அது பிள்ளைகளுக்குச் சொன்னது. துணைவேந்தர் ஒரு கணம் வாயைத் திறந்து மூடியதை நான் கண்டேன்.

*

திரும்பி வரும்போது வாகனத்திலேயே முடிவு எடுக்கப்பட்டது. ஆட்களைக் கூட்டியாயிற்று, இனி விகிதத்தை ஏற்ற ஒரே வழி மாணவரைக் குறைப்பது.

மறுநாள் பேரவையில் ஆரூரன் விளக்கினார். "நெடுந்தீவுப் பிள்ளையள் முப்பத்தொரு பேர். கடல் கொந்தளிச்சால் வரமாட்டினம். வராட்டில் வரவு குறையும். வரவு குறைஞ்சால் புள்ளி குறையும். படகை நிப்பாட்டினால் அவை தாங்களாவே நிண்டிடுவினம்."

"நாங்கள் ஒருவரையும் வெளியேற்றவில்லை என்பதைக் குறிப்பேட்டில் பதியவேண்டும்," என்றார் துணைவேந்தர். "எங்கள் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். இடையில் கடல் இருப்பதற்குப் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல. அது எங்களுக்கு முன்பே இருந்தது."

நான் கையை உயர்த்தினேன். "எல்லாப் பிள்ளையளையும் நிப்பாட்டினால் விகிதம் இன்னும் வடிவா வருமே, சேர்?"

யாரும் சிரிக்கவில்லை. ஆரூரன் எழுதிக்கொண்டார். "அது ரெண்டாங் கட்டம்," என்றார்.

அன்று மத்தியானம் கிருசாந்தி என்னைத் தேடி வந்தாள். நெடுந்தீவுப் பிள்ளை, இறுதியாண்டு, என்னிடம் நிகழ்தகவு படித்தவள். கையில் முப்பத்தொரு கையெழுத்தோடு ஒரு மனு. பேரவை முடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை.

"சேர், படகை நிப்பாட்டப் போகினமாம். உண்மையோ?"

"ஓம்."

"எங்களுக்கு ஒரு பாடம்தான் மிச்சம். ரெண்டு கிழமைப் படிப்பு விடுமுறை முடிஞ்சு வாற திங்கள், எட்டரைக்குச் சோதினை. அதுக்கு வரேலாமல் போனால் எனக்கு ஒரு வருசம் போகும்." உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். "வருசம் மட்டும் போறதில்லை சேர். அப்பா இந்த ஒரு வருசத்துக்குத்தான் ஓம் எண்டவர். இன்னொண்டு எண்டால் விடமாட்டார். அவ்வளவோடை சரி."

"மனுவைத் துணைவேந்தரிட்டைக் குடுத்தனீரோ?"

"குடுத்தனான். கையெழுத்துப் போட்ட ஆக்களிலை வெளிநாட்டுக்காரர் எத்தினை பேர் எண்டு கேட்டவர்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு யோசனையும் வந்தது. அவர்களுடைய ஆயுதத்தாலேயே அவர்களை அடிப்பது. படிவத்தின் இருபத்தாறாம் பக்கத்தில் ஆய்வு உட்கட்டமைப்பு என்று ஒரு பகுதி இருந்ததை நான் வாசித்திருந்தேன். பகிடி பண்ணுவதற்காகவே முழுப் படிவத்தையும் வாசித்திருந்தேன். துணைவேந்தரிடம் போய், இந்தப் படகை ஆய்வுக் கப்பல் என்று எழுதினால் என்ன என்று கேட்டேன்.

ஆரூரன் பக்கத்தைப் புரட்டினார். "நாலு புள்ளி," என்றார், மூச்சை உள்ளே இழுத்து. "நாலு புள்ளி எண்டால் கூட்டல் குறி போயிடும்."

துணைவேந்தர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன், சசிகரன். உம்மை ஒரு பகிடிக்காரன் எண்டு நினைச்சனான்."

படகு தப்பியது. நான் அன்றே தரவரிசை மேம்பாட்டுப் பிரிவின் பணிப்பாளர் ஆக்கப்பட்டேன். படிவம் ஆய்வுக் கப்பலின் படத்தோடு போய்ச் சேர்ந்ததும், என் நியமனக் கடிதத்தில் உள்ள தற்காலிகம் என்ற சொல் எடுக்கப்படும் என்றார்கள். பதவியை நான் ஏற்றது படகுக்காக மட்டுமே. இதைக் கிருசாந்தியிடமும் சொன்னேன். அவள் கண்கலங்கி, "பெரிய உதவி சேர்," என்றாள்.

*

படிப்பு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்த இரண்டு கிழமையும் படகு ஊர்காவற்றுறையில் கரையேறி நின்றது. வெள்ளை வர்ணம் பூசினார்கள். ஆய்வுக் கப்பல் என்றால் ஆய்வுகூடம் இருக்கவேண்டும் என்று ஆரூரன் சொன்னதால், நடுவில் ஆறடி மேசை ஒன்றும் கண்ணாடி அலுமாரி ஒன்றும் பூட்டினார்கள். அலுமாரிக்குள் கண்ணாடிக் குழாய்கள் நிறைய இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. நீண்ட வாங்குகளைக் கழற்றிவிட்டுச் சுழலும் கதிரைகள் போட்டார்கள். வரைபடத்தில் நான்தான் கையெழுத்து வைத்தேன். கதிரைகளை எண்ணவில்லை. புள்ளிவிபரவியல் படித்தவர்கள் பொதுவாக எண்ணுவதில்லை, மதிப்பிடுவார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை, படம் எடுப்பதற்காக நானும் அமலதாஸ் அண்ணையோடு நெடுந்தீவுக்குப் போனேன். திரும்பி வந்து சேரும்போது குறிகட்டுவானில் துணைவேந்தரும் ஆரூரனும் மாலையோடும் கமெராவோடும் நிற்பதாக ஏற்பாடு. மாவலித்துறை இறங்குதுறையில் முப்பத்தொரு பிள்ளைகளும் கொப்பிகளோடு நின்றார்கள். கடல் இலேசாக இரைந்தது.

அமலதாஸ் அண்ணை பிள்ளைகளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கதிரை பதினாலு."

"நிண்டு வர ஏலாதோ?"

"எங்கை நிக்கிறது? மேசையிலையோ? நான் கூட ஏத்த மாட்டன். கடலுக்கு உம்மடை புள்ளி தெரியாது."

"ரெண்டு தரம் ஓடினால்?"

"போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். ரெண்டாந்தரம் போய்ச்சேரச் சோதினை பாதி போயிடும்." அவர் குனிந்து எஞ்சின் பெட்டியைத் திறந்து ஸ்பானர் ஒன்றை எடுத்தார். "உந்த மேசையையும் அலுமாரியையும் கதிரையளையும் கழட்டி இஞ்சை இறக்குவம். கால் மணித்தியாலம் காணும். பிள்ளையள் படகுத் தட்டிலை இருந்து வருவினம். நீர் ஓம் எண்டால் சரி."

நான் கரையைப் பார்த்தேன். முன்னுக்குக் கிருசாந்தி நின்றாள். எனக்குத் துணைவேந்தருடைய கமெரா நினைவுக்கு வந்தது. அலுமாரி இல்லாமல் போனால் ஆய்வுக் கப்பல் இல்லை. ஆய்வுக் கப்பல் இல்லையென்றால் நாலு புள்ளி இல்லை. நாலு புள்ளி இல்லையென்றால் நாளையே படகு இல்லை. நான் என்னைப்பற்றி யோசிக்கவில்லை. என் நியமனக் கடிதத்தைப்பற்றி யோசித்தது அதற்குப் பிறகுதான்.

"வேண்டாம் அண்ணை. பிள்ளையளின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்," என்றேன்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்ப ஆர் ஆர் ஏறிறது எண்டு நீர்தான் சொல்லவேணும். அது எனக்கு ஏலாது."

குலுக்கல் போடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது விஞ்ஞானம் அல்ல. கையிலிருந்த படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் கோடு போட்டேன். போன அரையாண்டுப் புள்ளிக்கு நாற்பது வீதம், வரவுக்கு முப்பது, நற்பெயருக்கு இருபது. முதல் இரண்டையும் அவரவரே சொன்னார்கள். நற்பெயருக்காக ஒவ்வொரு பிள்ளையைப்பற்றியும் பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளிடம் கேட்டேன். முதலில் எல்லாரும் நல்லபிள்ளை என்றார்கள். கதிரை பதினாலு என்று தெரிந்த பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்கள். மிச்சம் பத்து வீதத்துக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. கை தானாகச் சர்வதேசம் என்று எழுதியது.

"உமக்கு வெளிநாட்டிலை ஆர்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். ஜெனுஷனுக்கு ஜேர்மனியில் இரண்டு மாமா. நிமலனுக்குத் தமக்கை கனடா. கிருசாந்தியிடம் வந்தேன்.

"ஒருத்தரும் இல்லை சேர். வவுனியாவிலை ஒரு பெரியம்மா."

"வவுனியா சேராது," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

ஒரு தசமதானம் வரை கணித்தேன். வேலை சுத்தமாக இருந்தது. சோதினைக்கு நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். பெயர்களை வாசித்தேன். வாசித்த வரிசையில் பிள்ளைகள் ஏறினார்கள். ஏறினவர்கள் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருசாந்தி பதினாலாவது. எழுபத்தொன்று தசம் நாலு. பதினைந்தாவது பிள்ளைக்கு எழுபத்தொன்று தசம் இரண்டு. அவள் கொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தாள்.

"கொஞ்சம் நில்லும்," என்றேன்.

"பதினாலு கதிரை எண்டு சொன்னியள், சேர்."

"ஓம்."

"நான் பதினாலாவது."

"ஓம்."

அவள் படகுக்குள் எண்ணினாள். பதின்மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய பணிப்பாளர் அட்டையைப் பார்த்தாள். காலை எடுத்துக் கரையில் வைத்தாள்.

அமலதாஸ் அண்ணை எஞ்சினை இழுத்தார். நான் ஏறி, அலுமாரிக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த அந்தக் கதிரையில் இருந்து, படத்துக்காகச் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.